டெல்மர் கணக்கில் ஐந்து வாத்து

ஆர்லிஸ் ஃபென்ஸ்கிக்குப் பொய் சொல்ல வராது என்பது விஸ்கான்சினில் எங்கள் வட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். இருபத்தெட்டு வருஷம் கிராமத்துத் தபால் வண்டி ஓட்டியவள். "என் மகள் அனுப்பின பார்சல் எங்கே?" என்று யாராவது கேட்டால், "நேத்தே வந்துடுச்சு. மழை கொட்டிச்சு, எனக்கு இறங்கச் சோம்பல்" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். திட்டினால் வாங்கிக்கொள்வாள். அப்பேர்ப்பட்டவள் மூன்று வருஷமாக ஒரே ஒரு பொய்யை, அதுவும் கூடப் பிறந்த அண்ணனிடம், துளிக்கூடத் தடுமாறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் டெல்மர் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது. மனைவி போன பிறகு ஆர்லிஸ் வீட்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் சதுப்பில் அவரைப் போலப் பறக்கிற வாத்தைச் சுட்டவர் கிடையாது. இதை நான் ஒப்புக்கொள்ள எனக்கே வயிறு எரியும், ஆனாலும் உண்மை உண்மைதான். ஒவ்வொரு நவம்பரிலும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் வேட்டை விருந்து நடக்கும். நீண்ட மேசையில் மான் இறைச்சி, முயல், கறுப்பரிசியோடு வெந்த வாத்து. ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் கொண்டுவந்தவர் பெயர் எழுதின அட்டை. 'டெல்மர் ஃபென்ஸ்கி' என்ற அட்டை இல்லாமல் நாற்பது வருஷத்தில் ஒரு விருந்துகூட நடந்ததில்லை. மனுஷன் அந்த அட்டைக்காகவே வாழ்ந்தார் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம்தான். ரொம்ப அதிகம் இல்லை.

அவருடைய வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு வந்த சீசனில் அவரும் ஆர்லிஸும் ஏழு தடவை சதுப்புக்குப் போனார்கள், ஒரு இறகுகூட விழவில்லை. பறக்கிற பறவைக்கு முன்னால் துப்பாக்கி ஓட வேண்டும். டெல்மரின் துப்பாக்கி பாதியில் நின்றுவிடும், குண்டு பின்னால் போகும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்லிஸுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. டெல்மருக்குத் தெரியவில்லை. ஏழாவது நாள் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து துப்பாக்கியை உறையில் போட்டு மூடினார்.

"வித்துடலாம்னு பாக்கறேன், ஆர்லி. நான் முடிஞ்சு போயிட்டேன்."

அந்த முகத்தை அவள் அண்ணி செத்த அன்றுகூடப் பார்த்ததில்லை. இன்னும் ஒரே ஒரு நாள் என்று கெஞ்சி மறுநாளும் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு வாத்துகள் வந்தன. இருவரும் எழுந்தார்கள். டெல்மர் சுட்டார், தவறியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஆர்லிஸ் ஒரு குண்டு போட்டாள், பறவை விழுந்தது.

"உன்னோடது, டெல்! உன்னோடதுதான்!"

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் தானாக வந்தது. டெல்மர் படகு ஆட ஆடக் குதித்தார். "நான் சொல்லல? தோள் சரியாயிடுச்சு, பாரு!" வீடு வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினார். அதற்குப் பிறகு அவள் எப்படி நிறுத்துவாள்?

மான் விஷயத்தில் எங்கள் சட்டம் தாராளம். கூட்டமாகப் போனால் உன் அனுமதிச் சீட்டுக்கான மானை நான் சுடலாம், என்னுடையதை நீ சுடலாம், கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதும். முட்டி தேய்ந்த மாமனாரின் சீட்டுக்கு மருமகன் சுடுவது இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிறது. யாரும் அதை உதவி என்றுகூடச் சொல்வதில்லை. வாத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நாளைக்கு ஆளுக்கு ஆறு என்றால், உன் துப்பாக்கியால் விழுந்தது ஆறு. அடுத்தவர் பங்கையும் நீ சுட்டால் எல்லாம் உன் தலையில்தான் ஏறும்.

ஆர்லிஸுக்கு இது தெரியாமல் இல்லை. வேட்டை விதிப்புத்தகத்தைக் கழிப்பறையில் வைத்து வரி விடாமல் படிக்கிற குடும்பம் அது. லைசென்ஸ், வாத்துச் சுடக் காசு கட்டி வாங்குகிற மாநில ஸ்டாம்ப், மத்திய ஸ்டாம்ப், அதன் குறுக்கே மையால் கையெழுத்து என்று ஒன்றும் தவறாது. ஆனால் மனசு இருக்கிறதே, அது வக்கீலைவிட மோசம். 'ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டைத் தாண்டலையே, யாருக்கு என்ன நஷ்டம்?' என்று அவளே கேட்டு அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். மூன்று சீசன் அப்படியே ஓடியது.

நாலாவது சீசனில், அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை, ஒன்பது மணிக்குள் ஒன்பது வாத்துகள் விழுந்தன. ஐந்து டெல்மர் கணக்கில், நான்கு ஆர்லிஸ் கணக்கில். படகைக் கரைக்குக் கொண்டுவந்தபோது வேட்டை விதிகளைக் கண்காணிக்கிற வார்டன் க்ளெம்ப் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயதுக்காரன், நல்ல பையன். அவன் அம்மா வீட்டுக்கு ஆர்லிஸ் வருஷக்கணக்கில் தபால் போட்டிருக்கிறாள்.

"வேட்டை எப்படி?" என்று கேட்டான்.

"எப்படியா? அஞ்சு என்னோடது, நாலு இவளோடது. தங்கச்சிக்கு வயசாயிடுச்சுப்பா, கை ஓயுது. தபால் பெட்டியத் தவிர வேற எதையும் குறி பாக்க மாட்டா," என்று டெல்மர் கடகடவென்று சிரித்தார்.

க்ளெம்ப் சிரிக்கவில்லை. லைசென்ஸைப் பார்த்தான், ஸ்டாம்பைப் பார்த்தான், துப்பாக்கியில் மூன்று குண்டுக்கு மேல் போகாமல் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தான். எல்லாம் சரி. பிறகு டெல்மரிடம், "சார், உங்க வண்டியக் கொஞ்சம் கொண்டாங்களேன், படக ஏத்திடலாம்" என்றான். டெல்மர் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"ஆர்லிஸ், காலைல அஞ்சரைலேர்ந்து எதிர்க்கரையில தொலைநோக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒம்போதும் நீங்க சுட்டது."

"அவர்கிட்ட சொல்லிடாதே" என்றாள். அபராதம் எவ்வளவு, லைசென்ஸ் போகுமா என்றெல்லாம் அவள் கேட்கவே இல்லை.

"நான் ஏன் சொல்லப் போறேன்? ஆனா எழுதாம விட முடியாது. போன வாரம் இதே தப்புக்கு ரெண்டு பேருக்கு எழுதியிருக்கேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சவங்கன்னு உங்கள விட்டா, நான் எந்த மூஞ்சியோட இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுத் திரியறது?"

"வேற எதுக்காவது எழுதேன். ஸ்டாம்ப்ல கையெழுத்து இல்லன்னு எழுது. படகுல மிதவைச் சட்டை இல்லன்னு எழுது."

"எல்லாம் இருக்கே, ஆர்லிஸ்" என்றான் க்ளெம்ப். அவன் முகமும் தொங்கிப்போயிருந்தது. ஒழுங்காக இருந்ததுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

மூன்று வாத்துகளை அவன் எடுத்துக்கொண்டு போன பிறகு டெல்மர் அபராதச் சீட்டைப் பிடுங்கிப் படித்தார். 'நாள் வரம்புக்கு மேல் மூன்று' என்று எழுதியிருந்தது.

"மேல் மூணா? ரெண்டு ஆளு, பன்னெண்டு வரம்பு, ஒம்போது பறவை! இவன் எந்தப் பள்ளிக்கூடத்துல கணக்குப் படிச்சான்?"

"விடு டெல். யாரோடது எதுன்னு பிரிக்காம எல்லாத்தையும் ஒரே குவியலாப் போட்டுட்டேன், அதுக்குத்தான். கட்டிட்டுப் போயிடறேன்."

"ஒரு பைசா கட்டக் கூடாது! என் தங்கச்சிய எவனாவது திருடின்னு எழுதிட்டுப் போவான், நான் பாத்துக்கிட்டு இருப்பேனா?"

அங்கேதான் சனி பிடித்தது. பொய் தெரிந்து கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மனுஷன் பாசத்தில் அல்லவா கிளம்பிவிட்டார்! அன்று சாயங்காலமே மதுக்கடையில் பத்துப் பேரிடம் சொன்னார். திங்கட்கிழமை 'குற்றமில்லை' என்று வாதாடும் படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்கு வந்தார். பேனாவையும் அவரே கொண்டுவந்திருந்தார்.

"போடு கையெழுத்த."

"எனக்குக் கோர்ட்டு வேண்டாம், டெல்."

"ஏன் வேண்டாம்? நீ தப்புப் பண்ணியா?"

அவளால் 'ஆமாம்' என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் ஐந்தில் ஒன்றுகூட அவருடையது இல்லை என்று ஆகிவிடும். கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு க்ளெம்பைத் தேடிப் போனாள். எதிர்க்கரையிலிருந்து பார்த்து அவன் நோட்டில் எழுதினதை மாற்ற முடியுமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"என்கிட்ட இருக்கறது அந்த நோட்டு ஒண்ணுதான். அதுல இருக்கறது இருக்கறதுதான்" என்றான் அவன். பிறகு மனசு கேட்காமல் ஒரு வழியும் சொன்னான். "கூப்பிட்ட உடனே எழுந்திரிச்சு 'ஒத்துக்கறேன்'னு சொல்லிடுங்க. அதோட முடிஞ்சிடும். நான் நோட்டத் தொறக்கவே வேண்டியிருக்காது."

அந்த ஒரு வார்த்தையைத்தான் ஆர்லிஸ் மூன்று வாரம் மனப்பாடம் செய்தாள். பாத்திரம் கழுவும்போதும் ஒத்துக்கறேன், துணி மடிக்கும்போதும் ஒத்துக்கறேன். அண்ணன் கேட்டால் பயத்தில் உளறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் கோபப்படுவார், கோழை என்பார். சொல்லிவிட்டுப் போகட்டுமே.

வழக்கு நாள் வந்தது. டெல்மர் மனைவி சாவுக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பெயரைக் கூப்பிட்டதும் ஆர்லிஸ் எழுந்தாள். "ஒத்துக்கறேன், அம்மா" என்றாள் நீதிபதியைப் பார்த்து. சரியாக வந்துவிட்டது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் பின்னாலிருந்து நாற்காலி கிறீச்சிட்டது.

"ஒத்துக்க மாட்டா! பயந்து உளர்றா! அதுல அஞ்சு பறவை நான் சுட்டது, பைபிள் மேல கை வெச்சுச் சொல்றேன்!"

"சார், உட்காருங்க" என்றார் நீதிபதி.

"உக்கார மாட்டேன். செய்யாத தப்ப ஒரு பொம்பள ஒத்துக்கறா, நீங்க எழுதிக்குவீங்களா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆர்லிஸைப் பார்த்தார், பிறகு டெல்மரைப் பார்த்தார். நல்ல மனுஷி, அதுதான் கஷ்டம். செய்யாத தப்பை ஒருத்தி ஏற்றுக்கொள்கிறாளோ என்ற சந்தேகம் வந்த பிறகு அதை அப்படியே எழுதிக்கொள்ள முடியாது என்றார். "வார்டன், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்."

க்ளெம்ப் ஆர்லிஸைப் பார்த்தான். அவன் நோட்டைத் திறந்தான்.

"ஆறு ஐம்பத்தொன்று. வடக்கிலிருந்து மூன்று வாத்துகள். படகில் இருந்த ஆண் மூன்று குண்டு சுட்டார், பெண் ஒன்று. பெண் சுட்டபோது ஒன்று விழுந்தது. ஆண் சுட்டது பறவைக்குப் பின்னால்."

டெல்மர் உரக்கச் சிரித்தார். "பின்னாலன்னு உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"தண்ணிய ஒட்டித் தாழப் பறந்துச்சு, சார். உங்க குண்டு தண்ணில தெறிச்சது தெரிஞ்சுது. ஒரு கெஜம் பின்னால."

"சரி, மேல படி."

"ஏழு பத்து. ஒற்றைப் பறவை. ஆண் மட்டும் சுட்டார், மூன்று குண்டு. விழவில்லை. ஏழு இருபத்திரண்டு. இரண்டு பறவைகள். ஆண் இரண்டு, பெண் இரண்டு. பெண் சுட்டபோது இரண்டும் விழுந்தன. ஏழு நாற்பது. ஆண் மட்டும் சுட்டார். பின்னால். விழவில்லை."

அவன் படித்துக்கொண்டே போனான். நோட்டில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, மணியும் எண்ணிக்கையும் மட்டும். டெல்மரின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று ஆர்லிஸுக்குத் தெரியும். ஏழு நாற்பதில் நின்றது. அந்தப் பறவை தனியாக வந்தது, அவள் துப்பாக்கியில் குண்டு போட்டுக்கொண்டிருந்தாள், தான் மட்டும் சுட்டுத் தவறவிட்டது அவருக்கும் ஞாபகம் இருந்தது. அது உண்மை என்றால் மற்றதும் உண்மையாக இருக்கலாம் என்று அவர் முகத்தில் மெதுவாக ஏறியது. அவர் நீதிபதியைக் கேட்கவில்லை, வார்டனைக் கேட்கவில்லை. தங்கை பக்கம் திரும்பினார்.

"ஆர்லி, இவன் பொய் சொல்றான்னு சொல்லு."

சதுப்பில் நாணலுக்கு நடுவில் அந்தப் பொய்யை எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! இங்கே வாயைத் திறந்தாள், வரவில்லை. கடவுளே, இந்த ஒரு தடவை வரக் கூடாதா?

"அவர் எழுதினது சரிதான், டெல்."

"எத்தன வருஷமா?"

"இதோட நாலாவது சீசன்."

டெல்மர் உட்கார்ந்தார். அபராதம் போட்டார்கள். ஆர்லிஸின் வேட்டை லைசென்ஸை அடுத்த சீசன் முடியும்வரை ரத்து செய்தார்கள். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

வீட்டுக்குப் பதினோரு மைல், வண்டியை அவரே ஓட்டினார். அவர்கள் வீட்டுத் திருப்பத்துக்கு வந்ததும், "போன வருஷம் சர்ச்சுல பாஸ்டர் எழுந்து வந்து என் கையப் பிடிச்சுக் குலுக்கினார்" என்றார். அவள் அழுதாள். அவர் பார்க்காத மாதிரி வண்டியைத் திருப்பினார்.

அந்த நவம்பர் விருந்துக்கு டெல்மர் போகவில்லை. அட்டையும் இல்லை. ஊர் என்றால் நாலு வாய் பேசத்தானே செய்யும், 'தங்கச்சி புண்ணியத்துல பேர் வாங்கினவர்' என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. குளிர்காலம் முழுக்க சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட இருவரும் சேர்ந்து போகிற வழக்கமும் நின்றது. ஆர்லிஸ் சூப்பு வைத்துக் கொண்டுபோய் வாசலில் வைப்பாள். மறுநாள் பாத்திரம் கழுவி அவள் வாசலில் இருக்கும். வசந்தத்தில் அவர் கை நடுங்கத் தொடங்கியதாக மருந்துக்கடைக்காரி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் கதவைத் தட்டினார். கையில் புது லைசென்ஸ், கையெழுத்துப் போட்ட ஸ்டாம்ப். கையெழுத்துக் கோணல்மாணலாக ஓடியிருந்தது.

"தோள் துடுப்புப் போட விடாது. நீ வந்து படகு மட்டும் தள்ளுவியா?"

அவள் க்ளெம்புக்குப் போன் போட்டுக் கேட்டாள். கூட உட்காரலாம், படகு தள்ளலாம் என்றான். துப்பாக்கியைத் தொடக் கூடாது, குண்டு எடுத்துக் கொடுக்கக் கூடாது, வாத்தைக் கூப்பிடுகிற ஊதல்கூட ஊதக் கூடாது, அதுவும் வேட்டைதான். "மன்னிச்சுக்குங்க, ஆர்லிஸ்" என்றான். அவன் பங்குக்கு அவனும்தான் என்ன செய்வான்?

முதல் நாள் விடிந்து வெளிச்சம் வந்த பிறகு மூன்று வாத்துகள் தாழ வந்தன. டெல்மர் எழுந்து சுட்டார். அவை போய்க்கொண்டே இருந்தன. அவர் திரும்பாமல் கேட்டார்.

"பின்னாலயா?"

"பின்னால."

"எவ்வளவு?"

"ஒரு கெஜம்."

அவர் தலையாட்டினார். அடுத்த கூட்டத்துக்குத் துப்பாக்கியை இன்னும் தள்ளி ஓட்டினார், தோள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. மூன்று குண்டு. ஒன்றும் விழவில்லை.

"இப்ப?"

"இப்பவும் பின்னாலதான். ஆனா அரை கெஜம்தான், டெல். நிஜமாத்தான் சொல்றேன்."

"அரைதானா?" என்று அவர் திரும்பினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்குள் கை ஆடத் தொடங்கிவிட்டது. துப்பாக்கிக் குழலைப் படகு விளிம்பில் சாய்த்துவிட்டு, ஆடுகிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். எதிர்க்கரையில் யாரோ சுட்டார்கள், யாரோ கூவினார்கள்.

"நாலு வருஷம் முன்னாடி எனக்குக் கை ஆடல, ஆர்லி. தோள் மட்டும்தான்."

"தெரியும்."

"அப்பவே 'பின்னால போகுது'ன்னு ஒரு வார்த்த நீ சொல்லியிருந்தா, திருத்தியிருப்பேன்."

அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் சொன்னது அத்தனையும் சரி. வடக்கே நாணலுக்கு மேல் நான்கு புள்ளிகள் தெரிந்தன, நேராக இவர்களைப் பார்த்துத்தான் வந்தன.

"வருது, டெல்."

டெல்மர் பையிலிருந்து ஒரு குண்டை எடுத்துத் துப்பாக்கியில் வைக்கப் பார்த்தார். விரல் ஆட, குண்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் விழுந்தது. துப்பாக்கியை அவள் பக்கம் நீட்டினார்.

"விரல் கேக்க மாட்டேங்குது. நீ ஒண்ணு போட்டுக் குடேன்."

"நான் தொடக் கூடாது, டெல்."

"ஆமால்ல" என்று அவர் துப்பாக்கியைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது குண்டைத் தேடினார். ஆர்லிஸ் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான்கு வாத்துகளும் அவர்கள் தலைக்கு மேலே, கையை நீட்டினால் எட்டும் போல, தாழப் பறந்து போயின.